கடைசிப் பதினாறு பக்கம்

நஜ்முன்னிசா மேடம் முப்பது வருடமாகச் சேர்த்து வைத்த நல்ல பெயர் ஒரே சாயங்காலத்தில் போகப்போகிறது என்பது எனக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். அதற்குக் காரணமும் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டியின் பெயர் பிச்சமுத்து.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கிளை நூலகம் இருக்கிறது. மேடம் அதன் நூலகர். நான் கைலாசபுரம் பெரிய தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். குழாயைப் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே கடுகளவு ஓட்டை இருந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து, நாளிதழில் இருக்கும் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மேடம் என் மேஜைக்கு வந்தார். ஒல்லியான உருவம், தலையில் முக்காடு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி.

“சார், அது எல்லாரும் படிக்கிற பேப்பர். தப்பு கண்டுபிடிக்கலைன்னா கை அரிக்குதுன்னா சொல்லுங்க, ஒரு கதைப் புஸ்தகம் தரேன். அதுல கண்டுபிடிச்சு என்கிட்ட வாயால சொல்லுங்க.”

“நான் கதையெல்லாம் படிக்கிறதில்ல மேடம்.”

“கடைசியா பாதியில விட்ட கதை எது?”

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். “காலேஜ்ல படிக்கும்போது ஒண்ணு. பேரு ஞாபகமில்ல. கதாநாயகி மழையில நனைஞ்சா, உடனே காய்ச்சல் வந்துடுச்சு. மூடி வெச்சுட்டேன்.”

“எத்தனாவது பக்கம்?”

“நாப்பது இருக்கும்.”

மேடம் ஒரு நீளமான நோட்டில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 40 என்று போட்டார். பிறகு அலமாரிக்குப் போய் மெல்லிய நாவல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றே நாளில் முடித்தேன். அதில் ஒரு தப்புதான் கண்டுபிடிக்க முடிந்தது, அதுவும் அச்சுப்பிழை. எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த புத்தகம் கேட்டேன்.

அதுதான் அவருடைய வேலை முறை. “என்ன மாதிரி கதை பிடிக்கும்?” என்று அவர் கேட்கவே மாட்டார். கேட்டால் ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்றுதான் கேட்பார். இருபது பக்கத்துக்குள் விட்டவருக்குப் பொறுமை கிடையாது, சீக்கிரம் ஏதாவது நடக்க வேண்டும். நடுவில் விட்டவருக்குக் கதையில் வரும் ஆள் யாரோடோ சண்டை. கடைசிப் பத்துப் பக்கம் இருக்கும்போது மூடி வைக்கிறவர்கள்தான் கஷ்டமாம். “அவங்களுக்கு முடிவுன்னா பயம் சார். அவங்களுக்குப் புஸ்தகம் எடுத்துக் கொடுக்கறதுக்கு நான் ரெண்டு ராத்திரி தூங்கமாட்டேன்” என்பார்.

மேடம் பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மூத்த மகள். வீட்டில் காலண்டர் தவிர வேறு புத்தகம் கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏழாவது படிக்கும்போது தோழி ஒருத்தியோடு மாவட்ட நூலகத்துக்குப் போனபோது, அங்கே ஒரு ஊழியர், கேட்காமலேயே ஒரு நாவலை எடுத்து நீட்டி, “இது உனக்கு” என்றாராம். அந்த ‘உனக்கு’ என்ற வார்த்தைதான் தன்னை நூலக அறிவியல் படிக்க வைத்தது என்பார். கணவர் ஜமீல் குவைத்திலிருந்து திரும்பி தில்லைநகரில் ஏசி மெக்கானிக். மேடம் தினமும் பாலக்கரையிலிருந்து பஸ் மாறி ஸ்ரீரங்கம் வருவார். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அது தனக்காகவே விட்ட விடுமுறை என்று சிரிப்பார்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது தேடிப்பிடித்து முடிவைப் படித்துவிடுவீர்கள். சிவப்பு காலிகோ துணி போட்டு மறுபடி பைண்ட் செய்த பழைய நாவல். வரவு எண் 4417. மேடம் யாருக்கும் அதை முதலில் கொடுக்க மாட்டார். ஐந்தாறு புத்தகம் படிக்கவிட்டு, ஆளை நன்றாகப் பார்த்த பிறகுதான் அது வெளியே வரும். கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்.

“கடைசிப் பதினாறு பக்கம் இல்ல. படிச்சுட்டு வாங்க, முடிவை நான் சொல்றேன்.”

கதை இதுதான். ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். வண்டிகளோடும், கொடி காட்டுகிறவனோடும், போர்ட்டரோடும் நாள் முழுக்கப் பேசுவார். வீட்டுக்கு வந்து மனைவி மரகதத்தோடு மட்டும் பேச மாட்டார். அடிப்பதில்லை, குடிப்பதில்லை, வேறு பெண் இல்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் இரண்டு மாதம் பேச்சு கிடையாது. மரகதம் பதினோரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். ஒரு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வந்து உட்காருகிறாள். ஒரு பக்கம் ஊருக்குத் திரும்பும் வண்டி, இன்னொரு பக்கம் திண்டுக்கல் போகும் வண்டி. இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரி: “மரகதம் எழுந்தாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு”. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பின் அட்டை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்கே நூலக வாசலில் போய் நின்றேன்.

மேடம் வந்து கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, நிதானமாக உட்கார்ந்து சொன்னார். மரகதம் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தவளை அந்த ஜங்ஷன் அதிகாரி கூப்பிடுகிறார். ரயில்வே போனில் அவள் கணவர். “அந்த பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, தப்பு என்மேலன்னு” என்கிறார். ஊர் பேர் தெரியாத அதிகாரி வாயால்தான் அந்த வார்த்தை அவளுக்குக் கிடைக்கிறது. அதோடு கதை முடிந்தது.

என் மகள் இளவேனில் பெங்களூரில் நான் சொல்லிச் சேர்ந்த வேலையை விட்டுவிட்டு, நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிற தொழில் ஆரம்பித்ததிலிருந்து பதினாலு மாதமாக அவளோடு நான் பேசவில்லை. அன்று சாயங்காலம் அவளுக்கு போன் செய்தேன். அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதம் ஒருநாள் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் பீமராவ். உத்தர வீதிக்காரர், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர். துப்பறியும் கதை தவிர வேறெதையும் தொடாதவரை மேடம் எப்படியோ வசப்படுத்தி 4417-ஐப் படிக்க வைத்திருந்தார். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. பேச்சு மரகதத்திடம் வந்தது.

“அவ சாமர்த்தியக்காரி சார். சிக்னல் கேபின் சாவியைப் பெட்டிக்குள்ள போட்டுண்டு வந்துட்டா பாருங்கோ. ரெண்டு வண்டியும் அசைய முடியலையே!”

“என்ன சாவி? அப்படியெல்லாம் ஒண்ணும் வரலையே. புருஷன்ல போன் பண்றாரு!”

“எந்த போன்? மேடமே சொன்னா, சாவின்னு.”

முன் சீட்டிலிருந்து ராசாத்தி திரும்பினாள். ஜீயபுரத்திலிருந்து வாழை இலைக் கட்டோடு தினமும் ஸ்ரீரங்கம் வருகிறவள். இலை விற்றுத் தீர்ந்ததும் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

“என்னங்க சார் ஆளாளுக்கு உளறுறீங்க? அவதான் திண்டுக்கல் வண்டில ஏறிப் போயி இட்லிக் கடை போட்டுட்டாளே! லைப்ரரியம்மா சொன்னாங்களே, மொத நாள் நாலு இட்லிதான் வித்துச்சுன்னு.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பஸ் நகர்ந்தது. பீமராவுக்கு மட்டும் உற்சாகம் தாங்கவில்லை. துப்பறியும் கதை படிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்.

“மே முப்பத்தொண்ணு ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட். வாசகர் வட்டம் சார்புல பாராட்டு வெக்கறோம். அன்னிக்கு இந்த ஒரே புஸ்தகத்தைப் பத்திப் பேசிடுவோம். படிச்சவா எல்லாரும் வரட்டும். எத்தனை முடிவு இருக்குன்னு பார்ப்போம். அப்பறம் அம்மா வாயாலேயே நிஜமான முடிவைக் கேட்டுடுவோம்!”

அவர் மனதில் துளி விஷமம் கிடையாது. ஆனால் இன்ஸ்பெக்டர் புத்தி சும்மா இருக்குமா? எல்லோருக்கும் ஒவ்வொன்று சொல்கிறாரே, உண்மையில் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று என்னைக் குடைய ஆரம்பித்தது. காரைக்குடியில் பழைய புத்தகம் சேர்க்கிற நண்பர் ஒருவருக்கு எழுதினேன். ஏப்ரல் கடைசியில் அவரிடமிருந்து பதில் வந்தது. புத்தகம் கிடைத்துவிட்டது. 289 முதல் 304 வரை பதினாறு பக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

படித்தேன். மரகதம் ஊருக்குத் திரும்பும் வண்டியில் ஏறுகிறாள். வீட்டு வாசலில் கணவர் நிற்கிறார். “வந்துட்டியா?” என்கிறார். பதினோரு வருடத்தில் அவராகப் பேசிய முதல் வார்த்தை. மரகதத்துக்கு ஆனந்தக் கண்ணீர். காப்பி போடப் போகிறாள். சுபம். இருநூற்று எண்பத்தெட்டு பக்கம் அப்படி எழுதின ஆள் கடைசிப் பதினாறில் இப்படி வழுக்கி விழுந்திருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் நூலகத்தில் 4417-ஐ எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முதல் தடவையாக என் தொழில் கண்ணோடு பார்த்தேன். பக்கங்கள் தானாக உதிர்ந்திருந்தால் தையலோடு மொத்தமாகப் போயிருக்கும். போகவில்லை. 288-க்கு அடுத்து, தையலை ஒட்டி, நூலளவுக்கு எட்டுக் காகித விளிம்புகள் வரிசையாக நின்றன. எட்டுத் தாள், பதினாறு பக்கம். எல்லாம் ஒரே நேர்கோடு. பின் அட்டையின் உட்புறத்தில் மெல்லிய கீறல் ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. இது கிழிந்ததல்ல. ஸ்கேல் வைத்து, பிளேடால் வெட்டியது. நிதானமான கை.

நூலகத்தில் யாராவது ஒரு பக்கத்தின் மூலையை மடித்தாலே மேடம் அதை நீவி நீவி நிமிர்த்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நூலகம் மூடுகிற நேரத்தில் அவர் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்து அந்த எட்டு விளிம்புகளையும் காட்டினேன்.

“யார் வெட்டினது மேடம்?”

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கதவைச் சாத்தப் போனவர் அங்கேயே நின்றார்.

“உங்களுக்குப் போய் இந்தப் புஸ்தகத்தைக் கொடுத்தேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்.”

“நீங்களா?”

“நான்தான் சார்.”

வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

“எனக்கு ஒரு தங்கச்சி. பஸீலா. ஒம்போது வயசு சின்னவ. காட்டூர்ல கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை நல்லவரு, தொழுகையெல்லாம் சரியா இருப்பாரு. ஆனா வீட்ல பேசமாட்டாரு. இவ ஏதாவது எதுத்துச் சொல்லிட்டா ஒரு மாசம், ரெண்டு மாசம், வாயே தெறக்க மாட்டாரு. தட்டைத் தள்ளி வெப்பாரு, அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, முடியலன்னு பெட்டியோட பாலக்கரைக்கு வந்துட்டா. ஒரு வாரம் அழுதா. அப்ப நான் இந்த நாவலைப் படிச்சிட்டிருந்தேன். எரநூத்தி எண்பது பக்கம் வந்திருந்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒடம்பு நடுங்குது சார். எங்கூட்டுத் தங்கச்சியப் பாத்து எழுதினமாதிரி இருக்கு. இத அவ படிச்சா போதும், தனக்கு மட்டும் இல்லன்னு தெரிஞ்சுக்குவா, அப்படின்னு...”

நிறுத்தினார். பிறகு சொன்னார்: “முழுசாப் படிக்காமலே கொடுத்துட்டேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஆயிரக்கணக்கில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர், முடிவு வரை போகாமல் ஒரு புத்தகத்தைக் கைமாற்றிவிட்டிருக்கிறார்.

“பத்து நாள் படிச்சா. ‘லாத்தா, இந்த மரகதம் என்ன செய்யறான்னு பாத்துட்டு நானும் முடிவு பண்றேன்’னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். பதினோராம் நாள் புஸ்தகத்தைக் கையில கொடுத்துட்டு, பெட்டியத் தூக்கிக்கிட்டு, ‘அவரும் வந்துட்டியான்னு கேப்பாரு’ன்னு கெளம்பிட்டா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவ போனப்புறம் ஒக்காந்து கடைசிப் பக்கத்தைப் படிச்சேன்.”

“அவர் கேட்டாரா?”

“இல்ல சார். கதவைத் தெறந்து விட்டுட்டு உள்ள போயிட்டாரு.”

அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவார்கள்.

அதற்குப் பிறகு பஸீலா எந்தக் கதைப் புத்தகத்தையும் தொட்டதில்லை. இந்த நூலகத்துக்கு வந்ததும் இல்லை. அக்காவும் தங்கையும் கல்யாணம், காது குத்து, நோன்புக் கஞ்சி என்று எல்லாம் பேசுவார்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. இவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் குற்றம் சொல்லவில்லை. இவர் செய்தது ஒன்றே ஒன்று. ஸ்கேலும் பிளேடும் எடுத்தார்.

“அப்பறம் ஏன் மேடம் இத எல்லாருக்கும் கொடுக்கறீங்க? தூக்கி எறிய வேண்டியதுதானே?”

“எரநூத்தி எண்பத்தெட்டுப் பக்கமும் நிஜம் சார். அவ்வளவு நிஜமான புஸ்தகம் இந்த லைப்ரரில இன்னும் நாலுதான் இருக்கு. அத எப்படித் தூக்கிப் போட? ஆனா முடிவை மட்டும் இனிமே புஸ்தகத்துகிட்ட விடமாட்டேன். யாருக்கு எது வேணும்னு ஆளப் பாத்து நானே சொல்றேன்.”

நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். முழுப் புத்தகமும் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் கையை நீட்டித் தடுத்தார், பார்க்கவில்லை.

“பீமராவ் சார் கூட்டத்துல கேப்பாரு. நான் சொல்லிடப் போறேன். வெட்டினது நான்தான்னு.”

“பைத்தியமா மேடம்? முப்பது வருஷமா உங்க வார்த்தைய நம்பிப் படிச்சவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சா? அதுலயும் லைப்ரேரியனே பிளேடு போட்டாங்கன்னா? எலி தின்னுடுச்சுன்னு சொல்லுங்க, போதும்.”

“இன்னும் ஒரு வாரம்தான் நான் லைப்ரேரியன். அதுக்குள்ள சொன்னாத்தான் சார் சொன்னதா அர்த்தம்.” பிறகு மெதுவாகச் சேர்த்தார்: “பஸீலாவையும் கூப்பிட்டிருக்கேன். வரமாட்டா.”

அந்த வாரம் முழுவதும் என்னையே நொந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காரைக்குடிக்கு எழுதாமலாவது இருந்திருக்கலாம்.

மே முப்பத்தொன்று, நாலு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. படிக்கும் அறை மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தோம். நாற்பது பேர் இருக்கும். பூந்தி, மிக்சர், டீ. மேடத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை மடியில் வைத்து நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார். பேச்செல்லாம் முடிந்து பீமராவ் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியபோது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்து, பேப்பர் மேஜைக்குப் பக்கத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். மேடத்தின் மூக்கு, மேடத்தின் நெற்றி. மேடம் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

பீமராவ் ஆரம்பித்து வைத்தார். சாவி என்றார் அவர். இட்லிக் கடை என்றாள் ராசாத்தி. தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், மரகதம் பெட்டியைப் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய்விட்டாள் என்றார். பி.எட். படிக்கும் யமுனா, மரகதம் பள்ளிக்கூடம் சேர்ந்து படித்து டீச்சர் ஆனாள் என்று அடித்துச் சொன்னாள். பத்துப் பேர் சொல்லி முடிப்பதற்குள் சந்தைக்கடை ஆகிவிட்டது. முதலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்லச் சிரிப்பதை நிறுத்தினார்கள். எல்லா முகமும் மேடம் பக்கம் திரும்பியது.

“அம்மா,” என்றார் பீமராவ், குரலைத் தாழ்த்தி. “நீங்களே சொல்லிடுங்கோ. புஸ்தகத்துல நிஜமா என்ன இருக்கு?”

மேடம் எழுந்தார். பொன்னாடை கீழே விழுந்தது.

“உங்க எல்லாருக்கும் நான் சொன்னது புஸ்தகத்துல இல்ல. நானா சொன்னது. அந்தப் பக்கம் தானா கிழியவும் இல்ல. பிளேடு வெச்சு வெட்டினது நான்தான்.”

ராசாத்தியின் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் எழுந்து நின்றாள்.

“அப்ப அந்த இட்லிக் கடை பொய்யாம்மா? அத நெனச்சுதானே நான் எங்க வூட்டாளு தடுத்தும் எலக் கட்டைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுனேன்.”

பின்னால் யாரோ “சர்க்கார் புஸ்தகத்தை வெட்றதா, அதுவும் இவங்களே?” என்று முணுமுணுத்தார்கள்.

“ஏம்மா வெட்டினேள்?” என்றார் பீமராவ். கோபமாக அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

மேடத்தின் கண் கடைசி நாற்காலிக்குப் போய்த் திரும்பியது. காரணத்தைச் சொன்னால் தங்கையின் வீட்டுக் கதையை நாற்பது பேர் முன்னால் போட்டு உடைக்க வேண்டும். சொல்லாவிட்டால் பொய் சொன்னவர், புத்தகத்தை வெட்டியவர் என்ற பெயரோடு அந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டும்.

“நான் படிச்சிருக்கேன்,” என்று கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “வெட்டறதுக்கு முன்னாடி. முழுசா. நான் சொல்லலாங்களா?”

எல்லோரும் திரும்பினார்கள். பஸீலா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

“அவ திரும்பிப் போற வண்டியிலதாங்க ஏறினா. வீட்டுக்குப் போனா. அவரு ஒண்ணும் கேக்கல. வந்துட்டியான்னுகூடக் கேக்கல. மரகதம் ரெண்டு வருஷம் அழுதா. அப்பறம் அழுது முடிச்சுட்டா. ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டா. தெருப் பிள்ளைங்க எல்லாம் தைக்கக் கத்துக்க வந்துச்சுங்க. காலைல பத்து மணிலேர்ந்து வீட்ல ஒரே சத்தம். ஒரு மனுஷன் பேசலேங்கிறதுக்காக வீடும் பேசாம இருக்கணும்னு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டா.”

என் சட்டைப் பையில் இருந்த பதினாறு படங்களில் தையல் மிஷின் கிடையாது.

“மரகதத்துக்கு ஒரு அக்கா,” என்றார் பஸீலா. இப்போது அவர் மேடத்தை மட்டும்தான் பார்த்தார். “அந்த வண்டிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அவதான். தன்னாலதான் தங்கச்சி அங்க போயி மாட்டிக்கிட்டான்னு காலமெல்லாம் நெனச்சு நெனச்சு மருகிட்டு இருந்தா. வாய விட்டு ஒரு வார்த்த கேக்கல. அந்த வீட்டு மாப்பிள்ள மாதிரியே அவளும் பேசாமயே இருந்துட்டா. கடைசிப் பக்கத்துல மரகதம் வந்து சொல்றா, டிக்கெட் நீ கொடுத்திருக்கலாம் லாத்தா, ஏறினது நான். என் காலு. அத உன் கணக்குல எழுதிக்காத, அப்படின்னு.”

மேடம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டே அழுதார். முப்பது வருடம் ‘அமைதி காக்கவும்’ போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்.

பீமராவ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாவம், துப்பறிகிறவருக்கு ஒரு துப்பு இடித்துவிட்டது.

“ஒரு நிமிஷம்மா,” என்றார். “நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். எரநூத்தி எண்பத்தெட்டுப் பக்கத்துல எங்கயுமே மரகதத்துக்கு அக்கா கிடையாதே? திடீர்னு கடைசில எங்கேர்ந்து வந்தா?”

ராசாத்தி அவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். ஆனாலும் கேள்வி அறையில் நின்றது. நாலைந்து பேர் யோசனையோடு தலையாட்டினார்கள். பஸீலா முந்தானையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றார்.

நான் எழுந்தேன். என் வேலைக்காலத்தில் ஓட்டை உள்ள பற்றவைப்பு எதற்கும் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டதில்லை. நண்பர்கள் கெஞ்சியும் போட்டதில்லை.

“அக்கா இருக்காங்க சார்,” என்றேன். “காரைக்குடிலேர்ந்து முழுப் புஸ்தகத்தையும் வரவழைச்சுப் பாத்துட்டேன். முந்நூத்தி நாலாம் பக்கம். இவங்க சொன்னது அப்படியே இருக்கு.”